அம்மாவுக்கு ஒரு பூஸ்டர்

கீழ்வீட்டில் அம்மாவின் அறைக்குள் டவர் எடுக்காது. மேலே கான்கிரீட் தளம், அதற்குள் கம்பி. வாசலில் மைனஸ் 80 டிபிஎம் சிக்னல் காட்டும் போன், கட்டிலருகே மைனஸ் 110-க்கு இறங்கிவிடும். சக்திக் கணக்கில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு.

"ஒரு பூஸ்டர் வாங்கி மொட்டைமாடியில ஆன்டெனாவ மாட்டுங்க மச்சான். ஊர்ல யாரு மாட்டல?" என்றார் தங்கை வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். உரிமமில்லாமல் வைப்பது குற்றம் என்பது இருக்கட்டும். என்னை உறுத்தியது வேறு.

அந்தப் பெட்டி டவரிலிருந்து வருவதை மட்டும் பெருக்குவதில்லை. இங்கிருந்து போவதையும், கூடவே தன் இரைச்சலையும் பெருக்கி டவர்மேல் கொட்டுகிறது. தூரத்திலிருந்து வரும் மெலிந்த அழைப்பு அதில் அமுங்கிப்போகும். அழைப்பவர் ஆம்புலன்ஸுக்காகத் தவிப்பவராக இருக்கலாம். அவரை எனக்குத் தெரியாது. கெடுத்தது யாரென்று அவருக்கும் தெரியப்போவதில்லை. முகமறியாதவருக்குச் செய்யும் தீங்கு வினையில் சேருமா?

எண்ணமே வினை என்கிறது பௌத்தம். அப்படியானால் அம்மாவுக்காக மாட்டியவன்மேல் பழியில்லை என்று வாதிடலாம். எனக்கு அது ஒப்பவில்லை. இரைச்சல் எங்கே போய் விழுகிறது என்று தெரிந்தபின் மாட்டினால், அந்த அறிவும் என் எண்ணத்தில் ஒரு பகுதிதான். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் அறியாமல் செய்த பிழைக்கே உயிரை விட்டான். நான் மாட்டினால் அறிந்தே செய்தவனாவேன்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் சிதம்பரத்துக்குப் போய் வெளியையே இறைவனாகக் கும்பிடுகிறவன். என் மாடிக்கு மேலிருக்கும் வெளியை மட்டும் எனதென்று எப்படி எண்ணுவேன்?

இப்போது அம்மா வைஃபை காலிங்கில் பேசுகிறார். அதற்காகப் பழகிய பட்டன் போனை விடவேண்டி வந்தது, இந்த வயதில் அது சின்னச் சிரமமில்லை. வைஃபையும் அதே வெளியில்தான் போகிறது. ஆனால் எல்லோருக்கும் திறந்துவிட்ட அலைவரிசையில், சிறிய சக்தியில்.

பிராட்பேண்ட் எட்டாத மலையடி வீட்டில் நோயோடு தனித்திருப்பவர் என்ன செய்வார்? அவரிடம் போய் மாட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனம் அங்கே சட்டப்படியே ரிப்பீட்டர் என்னும் பெருக்கியை வைக்கலாம். மாதாமாதம் அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு அதை வைக்காமல் இருப்பவர்களைத்தான் நான் கேட்பேன்.