இன்மையை அறியும் வழி

ஒரு பொருள் இருக்கிறது என்பதைக் கண்ணோ காதோ அறிவிக்கும். அது இல்லை என்பதை எது அறிவிக்கிறது என்பது இந்திய மெய்யியலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதிக்கப்பட்டு வந்த கேள்வி. மணிமேகலையில் அளவைவாதி எண்ணிச் சொல்லும் பிரமாணங்களுள், அதாவது மெய்யறிவு தரும் வாயில்களுள், இன்மையைக் குறிக்கும் அபாவமும் இடம்பெறுகிறது. 7-ஆம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரிலர் இன்மையை அறியத் தனிப் பிரமாணம் வேண்டும் என்றார். அதே நூற்றாண்டின் பௌத்தரான தர்மகீர்த்தி, காணத்தக்க பொருள் காணப்படாமையை ஏதுவாகக் கொண்டு செய்யும் அனுமானமே அது என்றார். நியாய நூலாரோ வெறுந்தரையைக் காணும் கண்ணே அங்குக் குடம் இல்லாமையையும் காண்கிறது என்றனர். ஏட்டளவிலான சண்டைபோலத் தோன்றும் இவ்வாதத்தின் கனம், இல்லாத ஒன்றைத் தேடுவதையே வேலையாகக் கொண்ட தொழில்களில் நன்றாகத் தெரியும். வண்டிகளின் மின்பழுது பார்க்கும் தொழில் அவற்றுள் ஒன்று.

ஹைதராபாதிலிருந்து நல்லமலைக் காட்டின் வழியே ஸ்ரீசைலம் செல்லும் ஒரு கேரவனை எடுத்துக்கொள்ளலாம். காருக்குப் பின்னே கேரவனைப் பூட்டி இழுத்துச் செல்வது இந்தியாவில் அரிது. வண்டியும் தங்கும் அறையும் ஒன்றாகக் கட்டப்பட்டவையே மிகுதி. ஆயினும் இருவகையிலும் மின்னமைப்பின் அடிப்படை ஒன்றே. எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரியும், குளிர்பெட்டி, விளக்கு, மின்விசிறி ஆகியவற்றுக்காக மற்றொரு பேட்டரியும் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் முதற்பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது; மின்னழுத்தம் ஏறத்தாழ 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் இடையிலுள்ள ரிலே இரண்டு பேட்டரிகளையும் இணைக்கிறது. எஞ்சின் நின்று அழுத்தம் 12.8 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் அவற்றைப் பிரித்துவிடுகிறது. இரவெல்லாம் ஓடும் குளிர்பெட்டி எஞ்சின் பேட்டரியைக் காலிசெய்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அம்ராபாத் புலிகள் காப்பகத்தை ஊடறுத்துச் செல்லும் அச்சாலையில் இரவுப் போக்குவரத்து நிறுத்தப்படுவதால், சோதனைச் சாவடிக்கு இப்பால் இரவைக் கழிக்க நேரும் வண்டிக்கு இரண்டாம் பேட்டரியே துணை.

அந்த இரண்டாம் பேட்டரி நாள் முழுதும் வண்டி ஓடியும் சார்ஜ் ஏறாமல் கிடக்கிறது என்று கொள்வோம். பழுது பார்ப்பவர் எஞ்சினை ஓடவிட்டு, அதற்கு வரும் வயரின் முனையைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார், 13.8 வோல்ட் காட்டுகிறது. வழி சரியாக இருக்கிறது, ஆகவே பேட்டரிதான் போய்விட்டது என்ற முடிவுக்கு அவர் வந்தால், செகந்திராபாத் ராணிகஞ்சின் உதிரிபாகக் கடைத்தெருவில் புதுப் பேட்டரி ஒன்று விற்பனையாகும். சில நாளில் அதுவும் காலியாகும். மீட்டர் பொய் சொல்லவில்லை. 13.8 வோல்ட் உண்மையிலேயே அங்கு இருந்தது. பிழை காண்டலில் இல்லை, கருதலில், அதாவது அனுமானத்தில், இருக்கிறது.

பிழை நேர்ந்த விதம் நுணுகிப் பார்க்கத்தக்கது. வண்டியின் உடலோடு எர்த் வயரைப் பிணைக்கும் போல்ட்டின் அடியில் துரு ஏறி, அங்கு 1 ஓம் அளவுக்கு மின்தடை உண்டாகியிருந்தால், மல்டிமீட்டர் அதைக் கண்டுகொள்ளாது. மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 1 கோடி ஓம் ஆகையால், அதன் வழியே ஓடுவது மைக்ரோஆம்பியர் அளவு மின்னோட்டமே, அந்த அற்ப ஓட்டத்தில் துருப்பிடித்த இடம் இழக்கும் அழுத்தம் கணக்கில் வராது. அதே முனைகளுக்கிடையே 60 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டினால், பல்பு மங்கலாக எரிவதும், மீட்டரின் எண் 10 வோல்ட்டுக்கும் கீழே சரிவதும் ஒருங்கே தெரியும். தொழிலில் இதை லோடு கொடுத்துப் பார்ப்பது என்பர். துருவே இல்லாவிட்டாலும் வயரின் மெலிவு இதே குற்றத்தைச் செய்யும்: 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போக 6 மீட்டரும் வர 6 மீட்டரும் ஓடினால், 20 ஆம்பியர் மின்னோட்டத்தில் ஏறத்தாழ 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும். முழுச் சார்ஜுக்கும் அரைச் சார்ஜுக்கும் இடையே ஓர் ஈய-அமிலப் பேட்டரியின் அழுத்தத்தில் உள்ள வேறுபாடே ஏறத்தாழ அரை வோல்ட்தான் என்பதை நினைத்தால் இந்த இழப்பின் அளவு விளங்கும்.

தெலுங்கு நாட்டவரான அன்னம்பட்டர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய தர்க்கசங்கிரகம், இன்றும் தர்க்கம் கற்பவர்களுக்கு முதற்பாடமாக இருக்கும் சிறு நூல். உபாதி என்ற கருத்தை அது விளக்கும்போது காட்டும் எடுத்துக்காட்டு இவ்விடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது சரி. நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு என்பது சரியன்று, ஈர விறகின் சேர்க்கை இருந்தால்தான் நெருப்பு புகையும். சொல்லப்படாமல் உள்ளே ஒளிந்திருந்து முடிவைத் தாங்கும் அந்த நிபந்தனையே உபாதி. அழுத்தம் உள்ள இடத்தில் வழி சரியாக உண்டு என்ற கருதலிலும் அப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது: மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கையில் அழுத்தம் நிற்க வேண்டும். ஏட்டில் ஈர விறகைப் படித்தவரினும் லோடு கொடுத்துப் பார்க்கும் கைத்தொழிலாளர் உபாதியை நன்கு அறிந்தவர் என்று சொல்வது மிகையாகாது.

இன்மை பற்றிய கேள்வி இதற்கு அடுத்த படியில் எழுகிறது. மீட்டரை ஆம்பியர் நிலைக்கு மாற்றி வயரின் இடையே கோத்தால் சுழி காட்டுகிறது; ஆகவே மின்னோட்டம் இல்லை என்று சொல்லிவிடலாமா? மீட்டருக்குள் இருக்கும் சிறு பியூஸ் முன்னரே எரிந்து போயிருந்தால், எத்தனை ஆம்பியர் ஓடவேண்டிய இடத்திலும் அது சுழியையே காட்டும். காணாமை மட்டும் இன்மைக்குச் சான்றாகாது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லத்தக்க நிலையில் நேரும் காணாமையே சான்றாகும். இதை யோக்கிய அனுபலப்தி, அதாவது தகுதியுள்ள காணாமை, என்பர். நன்றாக எரிவதாகத் தெரிந்த ஒரு விளக்கின் வழியில் மீட்டரை முதலில் கோத்து, அது எண் காட்டுவதைப் பார்த்துக்கொண்ட பிறகே பழுதான வழிக்கு வருகிறவர் இத்தகுதியைத் தம் கையால் உண்டாக்குகிறார். தகுதியை இப்படி வேறொரு சோதனையால் நிறுவ வேண்டியிருப்பதால், இன்மையறிவைக் கண்ணின் வேலையாக மட்டும் கொண்ட நியாய நூலாரைவிட, அதனுள் ஓர் அனுமானத்தைக் கண்ட தர்மகீர்த்தியே உண்மைக்கு அருகில் நிற்கிறார் எனலாம்.

தகுதியுள்ள காணாமை என்ற இதே கருவியைக் கொண்டுதான் நியாய நூலாருள் ஒருவரான உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில் இறைமறுப்பாளரை எதிர்கொள்கிறார். இறைவன் காணப்படவில்லை, ஆகவே இல்லை என்பாருக்கு, காட்சிக்கு உரியதல்லாத பொருளைக் காணாமை தகுதியுள்ள காணாமையன்று என்பது அவர் விடை. அப்படியானால் முயலுக்குக் கண்ணுக்குத் தெரியாத கொம்பு உண்டு என்றும் சொல்லலாமே என்று எதிரி மடக்குவதையும் அவர் ஒளிக்கவில்லை. கொம்பு என்பது இயல்பாகவே காட்சிக்கு உரியது, ஆகவே முயலின் தலையில் அதைக் காணாமை தகுதியுள்ள காணாமையே என்று பிரித்துக் காட்டுகிறார். இவ்விடை வலியது, ஆனால் அது வென்று தருவது இல்லை என்பாரின் வாயடைப்பை மட்டுமே, உண்டு என்பதை அன்று. பழுது பார்ப்பவர் மீட்டரைச் சோதிக்க எரியும் விளக்கு ஒன்று பக்கத்தில் இருக்கிறது. இறைவனைப் பற்றிய காணாமையின் தகுதியைச் சோதிக்க ஐயமற்ற ஒரு சான்று அப்படி எவர் கையிலும் இல்லை. இறைவனுக்கான நேர்ச்சான்றுகளை வாதமுறையில் நிறுவுவதற்கு உதயணர் தம் நூலின் ஐந்தாம் பகுதியைத் தனியே எழுத வேண்டியிருந்ததன் காரணம் இதுவே.