இல்லாத மலையும் இல்லாத மிருகமும்

துயரம் சூழ்ந்த காலமொன்றில் இல்லாத மிருகங்களையும் எங்கும் காணாத காட்சிகளையும் வரைந்து கொண்டிருப்பவனை எப்படி மதிப்பிடுவது? ஊர் எரிகின்றபோது தாளின் மீது ஒரு கோட்டை ஓடவிட்டு, அது எங்கே போய் முடிகிறதென்று பார்த்திருப்பது நேர்மையான செயல்தானா? அறுபதுகளில் ஈழத்து இலக்கிய உலகைப் பிளந்த முற்போக்கு, நற்போக்கு விவாதங்களின் அடியிலும் ஏறத்தாழ இதே கேள்விதான் கிடந்தது. கதையையும் கவிதையையும் முன்வைத்து அதைப் பேசிய அளவுக்கு ஓவியத்தை முன்வைத்து நாம் பேசவில்லை. சித்திரம் என்பது நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்து நேரசூசியில் ஒரு பாடம்; அவ்வளவுதான்.

ஆகவே பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்கலாம். ‘இயற்கைக் காட்சி ஒன்று வரைக’ என்று சொன்னால் எங்கள் பிள்ளைகள் என்ன வரைவார்கள் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு வீடு, ஒரு தென்னை. களுதாவளையில் மலை இல்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் மணல் நிலமும் வெற்றிலைத் தோட்டங்களும். இங்கே சூரியன் கடலிலிருந்துதான் எழும்புகிறது. நாம் வாழும் கரைக்கே எழுவான்கரை என்று பெயர்; வாவிக்கு அப்பால் இருப்பது படுவான்கரை. சூரியனின் வரவையும் போக்கையும் ஊர்ப்பெயராகவே வைத்திருக்கும் மக்களின் பிள்ளைகள், சூரியனை எங்கோ இருக்கும் இரண்டு மலைகளுக்கு நடுவே கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்தப் படத்துக்குப் புள்ளியும் கிடைக்கிறது.

அதே வகுப்பில் ஒரு பிள்ளை ஆட்டின் கால்களோடு நடக்கும் மீனை வரைந்தால், ‘இப்படி ஒன்றை எங்கே கண்டாய்?’ என்று கேட்போம். மலையை எங்கே கண்டாய் என்று கேட்பதில்லை. இரண்டுமே காணாதவைதாம். ஆனால் ஒன்று எவருடைய கண்ணிலிருந்தும் வராமல் அச்சிலிருந்து வந்தது. மற்றது அந்தப் பிள்ளையின் கை அந்தக் கணத்தில் கண்டுபிடித்தது. பொய் என்ற சொல்லை இவ்விரண்டில் எதற்கு வழங்க வேண்டும்? நடக்கிற மீனை வரைந்த பிள்ளை, இது உலகத்தில் உள்ளது என்று யாரையும் நம்பவைக்க முயலவில்லை. மலையை வரைந்த பிள்ளையோ, தான் காணாததை இயற்கை என்று ஒப்புவிக்கப் பழகிக்கொள்கிறது. கற்பனை உண்மைக்குப் பகையன்று. பாராமல் ஒப்புவிப்பதே பகை என்பது என் எண்ணம்.

இந்த விளையாட்டைப் பெரிய அளவில் விளையாடியவர் இரவீந்திரநாத தாகூர். 1861இல் பிறந்த அவர் ஓவியத்தில் முழுமையாக இறங்கியது அறுபது வயதைக் கடந்த பின்னர்தான். தன் கையெழுத்துப் பிரதிகளில் வேண்டாமென்று அடித்த சொற்களை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. அடித்த கோடுகளை ஒன்றோடொன்று இணைத்தார். அவற்றிலிருந்து அலகுகள், வால்கள், எந்தக் காட்டிலும் இல்லாத மிருகங்கள், இன்னாரென்று சொல்ல முடியாத முகங்கள் எழுந்தன. 1924இல் ஆர்ஜென்டினாவில் விக்டோரியா ஒக்காம்போவின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது ‘பூரபி’ கவிதைகளின் பிரதியில் அவர் செய்துகொண்டிருந்தது இதைத்தான். அதைக் கண்டு வியந்த அந்த அம்மையாரே 1930 மே மாதம் பாரிசின் பிகால் கூடத்தில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தார். வாழ்நாளின் இறுதிக்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களை அவர் வரைந்துவிட்டார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பே இடவில்லை.

1930 மே என்பது எத்தகைய மாதம் என்பதையும் நினைவுகொள்ள வேண்டும். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. அம்மாதத் தொடக்கத்தில் காந்தி சிறைப்பட்டார். 21ஆம் திகதி தாராசனை உப்பளத்தின் முன்னே தொண்டர்கள் வரிசை வரிசையாகத் தடியடி பட்டு வீழ்ந்தார்கள். அந்த மாதத்தில் தேசத்தின் பெருங்கவி பாரிசில் இல்லாத மிருகங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார். நமது கேள்வியை இதைவிடக் கூர்மையாக எவரும் கேட்டுவிட முடியாது.

ஆயின், 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்துப் பிரித்தானிய அரசு தந்த ‘சேர்’ பட்டத்தைத் துறந்தவரும் இதே மனிதர்தான். சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் அவர் கோடு கிறுக்கிக்கொண்டிருக்கவில்லை. நேராக, தன் பெயரோடு கடிதம் எழுதினார். விளையாட்டு சாட்சியத்துக்கு மாற்றாகாது. சாட்சி சொல்ல அஞ்சுகிறவன் கற்பனைக்குள் ஒளிந்துகொண்டால் அது தப்பித்தலே. இவ்வளவும் முற்போக்காளர் சொன்னதில் உள்ள நியாயம். ஆனால் இதிலிருந்து, எல்லாக் கோடுகளும் எப்போதும் சாட்சிக் கூண்டிலேயே நிற்க வேண்டுமென்ற முடிவுக்கு நாம் வரவேண்டியதில்லை.

மனம்போன போக்கில் வரைவதில் என்ன பொறுப்பு இருக்கிறது என்று கேட்கலாம். உள்ளுணர்வு வேறு, தான்தோன்றித்தனம் வேறு. தாகூரின் மிருகம் அவர் நினைத்தபடி பிறந்ததன்று. அடித்த சொற்கள் கிடந்த இடமும் அவற்றின் நீளமும் அதன் முதுகைத் தீர்மானித்தன. தாளில் ஏற்கனவே இருப்பதற்குச் செவிகொடுத்தே அடுத்த கோட்டை இழுக்க முடியும். முன்கூட்டியே முடிவெடுத்து வைத்தவனுக்கு இந்த விளையாட்டு வராது. கழிக்கப்பட்டதற்கும் தாளில் ஓர் இடம் உண்டு, அதைக் கொண்டும் ஒன்று செய்யலாம் என்ற மனநிலை ஓவியத்தோடு நின்றுவிடுவதில்லை. பிழைத்த பிள்ளையை என்ன செய்வது, விலகிப்போன அயலவனை என்ன செய்வது என்பவையும் அதே வகைக் கேள்விகள்தாம்.

இத்தகைய கோட்டுக்கு அதிகாரம் அஞ்சியதற்கும் சான்று உண்டு. கோடு தன் போக்கில் உலாவிவர வேண்டுமென்று மாணவர்களுக்குக் கற்பித்த போல் கிளே என்னும் ஓவியரை 1933இல் ஜேர்மனியின் நாஜிகள் டுசெல்டோர்ஃப் கலைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். 1937இல் மியூனிக்கில் சீரழிந்த கலையென்று ஏளனம் செய்ய வைத்த கண்காட்சியில் அவருடைய படங்களையும் தொங்கவிட்டார்கள். பிறப்பைக் கொண்டே ஒருவன் யாரென்று முடிவுகட்டிய ஆட்சிக்கு, முடிவு தெரியாமல் நடக்கும் கோடு பிடிக்காமற்போனதில் வியப்பில்லை.

இந்த இடத்தில் நம் மண்ணுக்குத் திரும்பலாம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் ஏறாவூர் மக்களும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டான் மக்களும் கொல்லப்பட்டார்கள். அதன்பின் எழுவான்கரையின் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வீதியில் பஸ்ஸில் போய்வந்தபடியே, ஒருவரை ஒருவர் அறியாமல் வளர்ந்தார்கள். அறியாமல் என்று சொல்வதும் சரியன்று. மற்றவர் யார் என்பது முன்னமே வரைந்து கொடுக்கப்பட்டிருந்தது, அந்த இரண்டு மலைகளைப் போல.

1996இல் மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை உருவாக்கினார்கள். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாக அழைத்துவரப்பட்டார்கள். வண்ணமும் களிமண்ணும் கதையும் நடிப்புமே அங்கே வழி. சமாதானத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விரிவுரை செய்வதை விட இது பெரிய காரியம் என்று நினைக்கிறேன். இருவர் சேர்ந்து இல்லாத ஒரு மிருகத்தை உருவாக்கும்போது அதற்கு மதமில்லை, ஊரில்லை, பழைய கணக்குமில்லை. அதற்கு எத்தனை கால் என்பதை அந்த இருவரும் பேசித்தான் தீர்க்க வேண்டும். அத்தகைய பேச்சுக்கு வேறெங்கே இடமிருந்தது?

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி முஸ்லிம் அறிஞர்களிடையே வெவ்வேறு கருத்துகள் உள்ளதை இச்சஞ்சிகையின் வாசகர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். அதில் புகுந்து தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. நான் பேசும் விளையாட்டு மிருகத்தையோ முகத்தையோ நம்பி இருப்பதும் அன்று. மருதமுனைக் கைத்தறியில் ஒரு நிறக் கோட்டுக்கு அருகில் எந்த நிறம் பொருந்துமென்று தேடும் கண்ணிலும், அரபு எழுத்தின் வளைவை நீட்டிப் பார்க்கும் கையிலும் அது இருக்கிறது.

வகுப்பறையில் செய்யக்கூடியது சிறிதுதான். விளங்காத படத்தோடு ஒரு பிள்ளை மேசைக்கு வரும்போது, ‘இது என்ன?’ என்று கேட்டால் பிள்ளை மலைகளுக்கே திரும்பிவிடும். ‘இதற்குப் பக்கத்தில் இனி என்ன வரும்?’ என்று கேட்டால் கொப்பியோடு இருப்பிடத்துக்குப் போய் யோசிக்கத் தொடங்கும். அப்படி யோசித்துப் பழகிய பிள்ளை வளர்ந்தபின், அடுத்த ஊர்க்காரனைப் பற்றி யாரோ வரைந்து கொடுக்கும் படத்தை அப்படியே வாங்கிக்கொள்ளச் சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்துக்காகவே இல்லாத மிருகங்களுக்கும் நம் பள்ளிக்கூடங்களில் இடம் கொடுக்க வேண்டும்.