காலணியும் காலும்

பிரனே மலையைக் கடந்து, ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயம் நோக்கி ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடக்கும் திருப்பயணியருள் சிலர் கெட்டித் தோல் காலணியையே நாடுகின்றனர். மென்மையான காலணி கடையிலேயே இதமளிக்கும். கற்பாதையிலோ உள்ளங்கால் ஒவ்வொரு கல்லையும் எண்ணும். கெட்டித் தோல் வாரக்கணக்கில் வீட்டிலும் தெருவிலும் அணிந்த பின்பே இணங்கும். நமக்காகப் பிறர் அணிந்து பழக்கித் தரவும் இயலாது.

அப்படியாயின் எல்லா வலியையும் பொறுக்கத்தான் வேண்டுமா? கால் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், தடித்த காலுறையோடு அளவு பார்க்கச் சொல்வது வீணுக்கன்று. இறக்கத்தில் விரல்நுனி முட்டும் காலணி எத்தனை நாள் அணிந்தாலும் நீளாது. விறைப்பு தரும் வலி நாளடைவில் குறையும். அளவுப் பிழை தரும் வலியோ வளரும். மணவாழ்வில் துன்புறுவோரிடம் 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்போர் பெரும்பாலும் இவ்விரண்டில் எதுவென்று கேட்பதில்லை. நெடுவழி நடந்து பழகியோர் குதிகால் சிவக்கும்போதே வழியோரம் அமர்ந்து காலணியைக் கழற்றிப் பார்ப்பர். கொப்புளம் உடையும்வரை காத்திரார்.