இணக்கமும் வாய்மையும்

அரசியலில் ஈடுபடுவோர் வாய்மை தவறாதிருத்தல் இயலுமா என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. ஊராட்சி முதல் நாடாளுமன்றம் வரை, பலர் கூடி முடிவெடுக்கும் இடங்களில் எவரும் தாம் விரும்பிய அனைத்தையும் பெறுதல் அரிது. சிலவற்றை விட்டுக்கொடுத்தே சிலவற்றைப் பெற வேண்டியுள்ளது. இதனைக் கண்டு, விட்டுக்கொடுப்பவன் கொள்கையற்றவன் என்று சிலர் இகழ்வர். அரசியலென்றால் பொய்யும் வேண்டியதே என்று வேறு சிலர் அமைதி கொள்வர். இரு சாராரும் இணக்கத்தையும் பொய்யையும் ஒன்றாகவே எண்ணிவிடுகின்றனர்.

இவை வேறு வேறு என்பதைத் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் செய்துகொண்ட இரண்டு உடன்பாடுகள் நன்கு விளக்கும். டிரான்ஸ்வாலில் இந்தியரைக் கட்டாயப் பதிவுக்கு உட்படுத்திய 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து அவர் சிறை சென்றார். 1908 ஜனவரியில் ஜெனரல் ஸ்மட்ஸுடன் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர் தாமே முன்வந்து பதிவு செய்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்று ஸ்மட்ஸ் வாய்மொழியாக உறுதியளித்தார் என்பது காந்தியடிகளின் கூற்று. ஸ்மட்ஸ் அதனை மறுத்தார், சட்டமும் நீங்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 16-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர் தம் பதிவுச் சான்றுகளை எரித்தனர்.

1913-இல் போராட்டம் மீண்டும் வலுத்தது. தமிழ்த் தொழிலாளர் பலர் அதில் பங்கேற்றனர். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர்நீத்தார். அவ்வாண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஒப்பந்தக் காலம் முடித்த தொழிலாளர் மீதான 3 பவுன் வரி ஒழிந்தது. இந்தியரின் சமய முறைத் திருமணங்கள் ஏற்கப்பட்டன. ஆயினும் நில உரிமை, வணிக உரிமம் முதலிய குறைகள் தீரவில்லை. காந்தியடிகள் அவற்றை மறைத்து முழு வெற்றி என்று கூறவில்லை. தீராதவை இன்னின்னவை என்று 1914 ஜூன் 30-இல் அரசுக்கு எழுதிய கடிதத்திலேயே குறிப்பிட்டார். பெற்றது எது, பெறாதது எது என்பதை எதிர்த்தரப்பும் அறிந்தது. தம் மக்களும் அறிந்தனர்.

நேர்மையான இணக்கத்தின் இலக்கணம் இதுவே. ஒரே உடன்பாட்டை இரு தரப்பாரிடமும் ஒரே சொற்களால் கூற முடியுமாயின் அது இணக்கம். ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் வேறொன்றும் கூற நேருமாயின் அது வஞ்சனை.

அநேகாந்தம் பயின்ற நமக்கு இது புதிதன்று. பிறர் கூற்றிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கக்கூடும் என்று அது கற்பிக்கின்றது. ஆளுக்கொரு பேச்சுப் பேச அது இடம் தருவதில்லை. இல்லறத்தார்க்குரிய வாய்மை அணுவிரதத்தின் குற்றங்களுள் பொய்யாவணம் எழுதுதலும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதை நினைவிற்கொள்ளுதல் நன்று. உயிர்க்குத் தீங்கு தரும் உண்மையைக் கூறாதிருக்கலாம் என்ற விலக்கு பிற உயிரைக் காக்க ஏற்பட்டதேயன்றிப் பதவியைக் காக்க ஏற்பட்டதன்று.

ஆதலின், வாக்காளராகிய நாம் ஒரு தலைவர் விட்டுக்கொடுத்தார் என்பதற்காகவே அவரை வெறுத்தல் முறையன்று. எதனை விட்டுக்கொடுத்தீர், எவர் நலத்திற்காக, அதனை ஏன் முன்பே எங்களிடம் கூறவில்லை என்று கேட்பதே முறை. உண்மையைக் கூறியவரைத் தண்டித்து, இனிய பொய் கூறியவரைத் தேர்ந்தெடுப்போமாயின், அப்பொய்யில் நமக்கும் பங்குண்டு. நம் ஊர்ச் சங்கத் தேர்தலிலும் இவ்வினாக்களைக் கேட்டுப் பழகுதல் வேண்டும்.