காவடியும் மூட்டையும்

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில், ஒரு தண்ணீர்ப் பந்தலின் நிழலில் நான் ஒதுங்கி நின்றபோது, ஒலிபெருக்கியில் ஒரு பெரியவர் காவடியின் தாத்பரியத்தை விளக்கிக்கொண்டிருந்தார். இடும்பன் தோளில் தொங்கிய சிவகிரியும் சக்திகிரியும் நல்வினை தீவினைகளே என்றும், அவற்றைத் தாங்கிய தண்டு இன்னது, பிணித்த கயிறு இன்னது என்றும் அவர் ஒவ்வொன்றாகப் பொருள் பிரித்துக்கொண்டே போக, என் கண்ணெதிரே மஞ்சள் வேட்டி கட்டிய ஓர் இளைஞன் காவடித் தண்டு தோளில் அழுந்த, 513 படிகளில் முதற்படியில் கால் வைத்தான். அந்த வியாக்கியானம் அவன் காதில் விழுந்ததோ இல்லையோ, விழுந்திருந்தாலும் அவன் தோளின் கனம் ஒரு குன்றிமணியளவும் குறைந்திராது.

சுமையோடு நடக்கும் மனிதன் என்றதும் என் நினைவுக்கு வருகிறவர் ஜான் பனியன். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலில் பிறந்து, அநுமதியின்றிப் பிரசங்கம் செய்த குற்றத்திற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டு சிறையில் கிடந்த அந்த ஆங்கிலேயர், 1678இல் வெளியிட்ட நூலைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக வாசித்து வருகிறார்கள். முதுகில் பாவ மூட்டையைச் சுமந்து நாசபுரியை விட்டுப் புறப்படும் ஒருவன், நிராசையின் சேற்றில் விழுந்து எழுந்து, ஒரு மேட்டில் நிற்கும் சிலுவையை அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில், மூட்டை தானே அவிழ்ந்து உருண்டு கீழேயிருந்த கல்லறையின் வாயில் விழுந்து மறைகிறது. குணங்களுக்கு உடலும் பெயரும் கொடுத்து நடமாட விடும் இவ்வகை உருவகம் தமிழுக்குப் புதிதன்று. விவேகனும் மகாமோகனும் படை திரட்டிப் பொரும் பிரபோத சந்திரோதயமும், தத்துவராயரின் அஞ்ஞவதைப் பரணியும் மோகவதைப் பரணியும் நம்மிடம் முன்னமே இருந்தன. அவற்றைப் போற்றுகிறவர்கள் பலர், மறுமுறை படிக்கிறவர்கள் சிலர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்ன பாத்திரம் இன்ன குணம் என்று தெரிந்துகொண்ட பின் அப்பாத்திரத்தினிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

இந்த இடர்ப்பாட்டை உணர்ந்த ஒரு கவி திருநெல்வேலிச் சீமையில் இருந்தார். 1827இல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனிலே ஊறி, சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பனியனைத் தழுவி 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’, 3766 பாடல்களும் ஐந்து பருவங்களும் கொண்ட பெருங்காப்பியம். பருவம் என்ற பெயர் பாரதத்தினுடையது. படலம் என்ற உட்பிரிவு கம்பனுடையது. ஆரணிய பருவம் என்ற தலைப்பைக் கண்டவுடன் நமக்குத் தண்டகாரண்யமே தோன்றும். ஆனால் நான் வியப்பது இந்த அலங்காரங்களையன்று. பனியனின் மேட்டில் சிலுவை இருக்கிறது, சிலுவையில் ஆள் இல்லை. பயணியும் பார்த்து அழுதுவிட்டு, இலேசான முதுகோடு மேலே நடந்துவிடுகிறான். கிருஷ்ணபிள்ளைக்கு அது போதவில்லை. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்றொரு பகுதியை அமைத்து, உருவகத்தின் சட்டத்தை நடுவிலே உடைத்து, இயேசுநாதர் பிடிபட்டதையும் பழிக்கப்பட்டதையும் அறையப்பட்டதையும் நடந்த சரிதமாகவே பாடினார். அங்கே ஓரிடத்தில், அவரைப் பிணித்து நிறுத்தியது சேவகரின் கயிறன்று, பகைத்தவரை நினைந்தும் உருகிய அன்பே என்று சொல்லுகிறார். உரலோடு கட்டுண்டு நின்ற கண்ணனை எண்ணிக் கரைந்த ஆழ்வார்களின் வழியில் வளர்ந்த செவிக்கன்றி வேறொருவருக்கு அந்தக் கயிறு இப்படித் தென்பட்டிருக்குமா என்பது என் சந்தேகம். மதம் மாறினவர் கட்டுண்ட கடவுளை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை என்று ஒரு சைவன் எழுதினால் இரு தரப்பாரும் கோபிக்கக்கூடும், ஆயினும் எழுதிவிடுகிறேன்.

அவருக்குப் பின் பல பத்தாண்டுகள் கழித்து ஆக்ஸ்போர்டில் இரு நண்பர்கள் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1931 செப்டம்பரில் ஓரிரவு, கிறிஸ்துவின் கதை மற்றப் புராணங்களைப் போன்ற ஒரு புராணமே, ஆனால் உண்மையில் நடந்துவிட்ட புராணம் என்று கத்தோலிக்கரான டோல்கியன் வாதிக்க, தயங்கிக்கொண்டிருந்த சி. எஸ். லூயிஸ் சில நாட்களில் கிறிஸ்தவரானார். லூயிஸ் முதலில் செய்த காரியம், 1933இல் பனியனைப் பின்பற்றி ஓர் உருவகக் கதை எழுதியதே. அதை இன்று ஆராய்ச்சியாளரே அதிகம் தேடுகிறார்கள். 1950இல் தொடங்கிய நார்னியாக் கதைகளில் அவர் பாதையை மாற்றி, அப்படி ஓர் உலகம் இருந்து அங்கேயும் கடவுள் வருவாரானால் என்ன உருவில் வருவார் என்று கற்பித்து, துரோகம் செய்த சிறுவனுக்காகக் கல்மேடையில் கொல்லப்பட்டு எழும் அஸ்லான் என்ற சிங்கத்தைப் படைத்தார். அது உருவகமன்று, ஓர் அநுமானம் என்பது அவர் கட்சி. அவதாரக் கொள்கையில் பிறந்த நமக்கு இந்தப் பேதம் உடனே விளங்கும். நரசிம்மம் எதற்குக் குறியீடு என்று பிரகலாதன் கேட்கவில்லை.

டோல்கியன் இன்னும் ஒதுங்கி நின்றார். உருவகத்தை வெளிப்படையாகவே வெறுத்த அவரது ‘மோதிரங்களின் தலைவன்’ (1954–55) முழுவதிலும் கிறிஸ்துவின் பெயர் ஒருமுறையும் வராது. எனினும் பிரோடோ என்ற சிறு மனிதன் கழுத்தில் தொங்கும் மோதிரம் அடிக்கு அடி கனத்து, எரிமலையின் வாயில் அவன் அதை எறிய மனமில்லாமல் தோற்றுப்போக, அவன் முன்பு இரங்கி உயிரோடு விட்ட ஓர் ஈனப்பிறவியாலேயே அது அழிகிறது. அழிந்த நாள் மார்ச் 25. பினாங்கு ரோட்டுச் சவேரியார் கோயிலில் பூசை காணும் நம்மவர்க்கு அது மங்கள வார்த்தைத் திருநாள். பழைய மரபொன்றில் சிலுவைப்பாட்டின் நாளும் அதுவே. தெரிந்தவர் புன்னகைக்கலாம், தெரியாதவருக்கும் மோதிரத்தின் கனம் ஒன்றுதான்.

பனியனின் சுமை தானே விழுகிறது. பிரோடோவின் சுமை பறிபோகிறது. காவடியோ நேர்ந்துகொண்டு ஏற்ற சுமை, சந்நிதியில் இறக்கும்வரை அதை விழவிடலாகாது. பாவமும் பிரார்த்தனையும் ஒரே மூட்டையல்ல என்பதால், எல்லாம் ஒன்றே என்று சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சுமை சுமையாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

பிற்பகலில் மறுபடி அந்தப் பந்தலுக்கு வந்தபோது சொற்பொழிவு ஓய்ந்து பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. காலையில் கண்ட இளைஞன் பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். தண்டு அழுந்திய இடம் சிவந்து தடித்திருந்தது.

“ரொம்பக் கனமா தம்பி?” என்றேன்.

“ஏறும்போது ஒண்ணும் தெரியலங்க ஐயா. இறக்கி வச்ச பிறகுதான் தோள் வலிக்குது,” என்றான்.