வாரிசு இல்லாத கல்

தென்னேரியில் எங்கள் கிளைக்கு வீட்டுக் கடன் கேட்டு வந்தவர் பல்லாவரத்தில் மனை வாங்கியிருந்தார். பெருங்கற்காலப் புதைகுழிகள் என்று தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்துக்கு 100 மீட்டருக்குள் அது இருந்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அங்கே புதிதாகக் கட்ட முடியாது. ஆகவே கடனும் இல்லை. எழுந்தவர் கேட்டார்: “அவங்க செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப வாரிசு யாரு சார்?”

இறந்தவர் கணக்கை முடிக்க வாரிசுச் சான்றிதழ் கேட்டே பழகிய எனக்கு இது உறைத்தது. ‘நம் மூதாதையர்’ என்று மேடையில் சொல்லப்படும் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. நமக்கும் அவர்களுக்கும் உறவே இல்லை என்று நாளை நிரூபணமானால் குழிகளை உடைத்துவிடலாமா?

பல்லாவரத்துக் குன்றுகள் நெடுங்காலம் கல்லுக்காக உடைபட்டவை. 1863இல் புரூஸ் ஃபூட் பழைய கற்கருவியைக் கண்டெடுத்தது அந்த ஊரில். 1880களில் அலெக்சாண்டர் ரீ கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையை எடுத்ததும் அங்கேதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொரு கல்லறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி உத்தியோகஸ்தரின் சமாதிக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்பார்கள். 1893இல் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து அவ்வகைப் பாறைக்கே சார்னோகைட் என்று பெயர் வைத்தார். பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் அதே பாறைதான். தன் சரிவிலேயே இத்தனை பேரை வைத்திருந்த குன்று, கல்கத்தாவில் புதைந்தவரின் பெயரைச் சுமக்கிறது. அவர் கல்லில் லத்தீன் எழுத்து இருக்கிறது. இவர்கள் கல்லில் எழுத்தில்லை. (உத்திரமேரூர்ச் சுவர்களில் எழுத்து இல்லாதிருந்தால் அவற்றை நாம் எவ்வளவு மதித்திருப்போம்?) எழுத்தில்லாத கல் நம் கண்ணுக்கு ஜல்லி.

குவாரிக்காரரை மட்டும் குற்றம் சொல்வது சுலபமான ஒழுக்கம். கல்வட்டம் அமைத்தவர்களும் கல்லைப் பெயர்த்தவர்களே. பேழையைத் திறந்த ஆய்வாளரும் மூடியவரின் எண்ணத்தை மீறியவரே. மியூசியத்தில் குனிந்து பார்த்த நானும் கூட்டு. ஆனாலும் மூடுதல் என்ற அந்தச் செயல் நம்மிடம் எதையோ கேட்கிறது, உறவை விசாரிக்காமல். யாருடைய பிணம் என்று கேட்டுவிட்டா சவ ஊர்வலத்துக்கு ஒதுங்கி நிற்கிறோம்?

அவரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் வாடகை வீட்டில் இருப்பவர். மாலையில் வாலாஜாபாத் பஸ், ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. நான் வீடு கட்டியபோது இறங்கிய லோடுகளின் எண்ணிக்கை நினைவிருக்கிறது. எந்த மலை என்று கேட்டதில்லை.