பாதியில் நின்ற பூசை

மலாயாவின் லூபோக் சீனா வட்டாரத் தோட்டங்களில் அந்தக் காலத்து வைத்தியம் பெரும்பாலும் டிரஸ்சர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர் கையில்தான். தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்திலேயே மலேரியாவுக்குக் கொய்னா கொடுப்பார். கசப்புக்குத் துப்பிவிடுவார்களென்று, தொண்டையில் இறங்கும்வரை வாயையே பார்த்து நிற்பார். அம்மை கண்ட லயத்து வீட்டு வாசலில் வேப்பிலையைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிடுவார். மருந்துக்கும் மாரிக்கும் அவரிடம் சண்டையில்லை.

1913-இல் காபோன் நாட்டின் லாம்பரெனேவுக்குப் போன மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சருக்கும் அந்தச் சண்டையில்லை. அவர் இறையியல் படித்தவர். வைத்தியம் மட்டும்தான், பிரசங்கம் கிடையாது என்று சம்மதித்த பிறகே கிறித்தவ மிஷன் அவரை ஏற்றது. நம்பிக்கைக்கு வாய் அவ்வளவு அவசியமில்லை போலும். கைக்குத்தான் ஓயாத வேலை. சீழைக் கழுவ, கட்டு மாற்ற, நடுராத்திரிப் பிரசவத்துக்கு ஓட. அப்படி ஓடத் தன் பூசையைப் பாதியில் விட்ட லூபோக் சீனா டிரஸ்சரை எந்தச் சாமியும் கோபித்ததாகக் கேள்வியில்லை.